அடியில் ஒரு காலிக் கட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரிலிருந்து கிடைத்தது.

கங்கைக் கரையில் நான் சணல் கட்டு தூக்குகிற கிட்டங்கியின் பின்பக்கச் சுவர். மழை விட்ட ஒரு மத்தியானம் அதில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினேன். கரியால் போட்ட ஐந்து கட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. உச்சிக் கட்டத்துக்குள் ஒரு மணி. அதற்குக் கீழே மூக்குக் கண்ணாடி. அதற்கும் கீழே குடை. பிறகு ஒரு மீசை. தரையோடு ஒட்டிக் கிடந்த கட்டத்தில் ஒன்றுமில்லை.

கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டேன். முன்னே இருந்த எவனோ ஒருத்தன், மைதானத்தில் காலேஜுப் பிள்ளைகள் ஆடும் பந்தாட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து எந்தக் கூட்டம் உசத்தி, எது மட்டம் என்று அடுக்கிவைத்தானாம். பெயர் தெரியாது. எங்கே போனான் என்றும் தெரியாது.

ஆகவே ஆளை நானே செய்யவேண்டியதாயிற்று. திருவேங்கடம் என்று பெயர் வைத்தேன். ஆரணிப் பக்கத்து ஆள், அகலமான தோள், ஆசை அதிகமில்லாதவன்.

எழுத்து எனக்கு மீசை நரைத்த பிறகு வந்தது. கட்டுகளின்மேல் மார்க்கா அடித்து அடித்து வந்த எழுத்து. எங்காவது வாக்கியம் பாதியில் நின்றிருந்தால், அங்கே நான் தூங்கிப்போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழித்துத் திருத்துவதில்லை. அழித்தால் காகிதம் கிழிகிறது.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"கல்கத்தா மாநகரின் நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல மைதானம்..." (வேண்டாம். கம்பளத்தில் நான் கால் வைத்ததே இல்லை.)

"திருவேங்கடத்துக்குப் பந்தாட்டம் என்றால் உயிர்." (பொய். அப்படிப்பட்டவர்கள் ஆட்டம் தொடங்குமுன்பே வந்து மரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். இவன் அரைச் சுருட்டு ரசிகன்.)

மூன்றாவது தொடக்கம் அந்த அரைச் சுருட்டிலிருந்து வந்தது. அதுவே இருக்கட்டும்.

திருவேங்கடமும் அவன் ஊர்க்காரன் கன்னியப்பனும் சாயங்காலந்தோறும் கைவண்டியில் கட்டு ஏற்றிக் கிதர்பூர்த் துறைக்கு இழுத்துப் போவார்கள். மைதானத்தின் ஓரத்தில், குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆலமரம். அங்கே வண்டியை நிறுத்துவார்கள். எங்களை மேய்க்கும் மேஸ்திரி, சர்தார், கொடுத்த சலுகை அது: ஒரு சுருட்டு எரிகிற நேரம். சுருட்டைப் பாதி பாதியாகப் பிடிப்பார்கள். கன்னியப்பன் பிடிக்கும்போது திருவேங்கடம் ஆட்டத்தைப் பார்ப்பான். தன் முறை வரும்போதும் ஆட்டத்தைத்தான் பார்ப்பான். நுனி விரலைச் சுட்டதும் வண்டியைத் தூக்கியாக வேண்டும்.

அதனால் அவன் எந்த ஆட்டத்தின் தொடக்கத்தையும் கண்டதில்லை. எந்த ஆட்டத்தின் முடிவையும் கண்டதில்லை.

மழைக்காலத்து மைதானத்தை நீங்கள் பார்த்திருப்பீர்களோ என்னவோ. வெயில் ஒரு கீற்று அடித்தால் போதும், புல்லிலிருந்து ஆவி கிளம்பும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். இடுப்புகள் மட்டும் வெண்மையில் மிதந்து போகும். பந்து சில சமயம் மேலே போனால் போனதுதான். எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆற்றங்கரைக் கோட்டைக்கு அப்பால் ஒரு கப்பல் ஊதும். அதற்குப் பிறகுதான் பந்து இறங்கும், வேறு எங்கேயோ ஒரு நாளிலிருந்து இறங்குவதுபோல.

வண்டி இழுக்கும்போது மிச்ச ஆட்டத்தைத் திருவேங்கடம் கண்ணைத் திறந்தபடியே கனாக் கண்டுகொண்டு போவான். அந்தக் கனவிலும் ஆட்டம் முடிந்ததில்லை. வண்டிச் சக்கரம் சுற்றச் சுற்ற, இடுப்புகள் மிதந்துகொண்டே இருக்கும், துறைமுகத்து வாசல் வரும் வரைக்கும்

(தூங்கிவிட்டேன்.)

3

எந்தக் கூட்டம் உசத்தி என்று எப்படித் தெரியும்?

ஜெயித்தவன் உசத்தி என்பார்கள். அந்த வருஷம் மணிக் காலேஜ் கண்ணாடிக் காலேஜை ஜெயித்தது. கண்ணாடிக் காலேஜ் குடைக் காலேஜை ஜெயித்தது. குடைக் காலேஜ் மணிக் காலேஜை ஜெயித்தது.* இப்போது அடுக்குங்கள் பார்ப்போம். மூன்று கட்டும் ஒன்றன் தலைமேல் ஒன்று ஏறி உட்கார்ந்தால் தரையில் எது இருக்கும்?

கடலை விற்கிறவன் வேறு கணக்குச் சொல்வான். எந்தக் கூட்டத்து ஆட்கள் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்து நிற்கிறார்களோ, அந்தக் கூட்டம்தான் உசத்தியாம். கோச்சு வண்டிக்காரர்களுக்கு எவன் கோல் அடிக்கும்போது குதிரை மிரளுகிறதோ அவன் உசத்தி.

திருவேங்கடத்துக்கு ஜெயித்தது யாரென்று மறுநாள் காதில் விழுந்தால்தான் உண்டு. அவன் பார்த்ததெல்லாம் நடு ஆட்டம். நடு ஆட்டத்தில் ஒன்றை மட்டும் நன்றாகப் பார்க்கலாம்: ஒரு கூட்டம் கோல் வாங்கிய பிறகு என்ன செய்கிறது என்பதை. சில பேர் ஒருத்தனை ஒருத்தன் வைவார்கள். சில பேர் பந்தை எரிச்சலோடு நடுக்கோட்டுக்கு உதைத்துத் தள்ளுவார்கள். மணிக் காலேஜில் கோலில் நிற்கும் நெட்டைப் பையன் பந்தைக் குனிந்து எடுப்பான், சட்டையால் துடைப்பான், தானே நடந்துபோய் நடுவில் வைத்துவிட்டுத் திரும்புவான். அவன் திரும்பி வரும்வரை கூட்டாளிகள் கத்துவார்கள், சீக்கிரம் வாடா என்று. அவன் நடைதான்.

அதைப் பார்த்துத் திருவேங்கடம் கிட்டங்கிச் சுவரில் அட்டி போட்டான். அட்டி என்றால் எங்களுக்குக் கட்டுகளை அடுக்குகிற அடுக்கு. எங்களுக்கு முதல் கட்டு என்பது தரையில் வைக்கிற கட்டு. இருப்பதிலேயே இறுக்கமானது, ஈரம் பட்டாலும் நெகிழாதது, அதை அடியில் வைத்துத்தான் மற்றதை ஏற்றுவோம். தளர்ந்துபோன பிசுபிசுத்த கட்டு உச்சிக்குப் போகும்.

ஆகவே அவன் மணியை அடியில் வரைந்தான். அதன்மேல் மீசை, அதன்மேல் குடை, எல்லாவற்றுக்கும் மேலே, உதிர்ந்துவிடப்போகிற இடத்தில், கண்ணாடி. நாலே கட்டங்கள்.

* காலேஜுகளின் பெயர் அவனுக்குத் தெரியாது; எனக்கும் வேண்டாம். கைமணி அடித்துக்கொண்டு வரும் கூட்டம் மணிக் காலேஜ். குடை பிடித்து வருகிறவர்கள் குடைக் காலேஜ். ஆட்டக்காரன் ஒருத்தன் மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுத் தலையோடு கட்டிக்கொண்டு ஓடுவான். அது கண்ணாடிக் காலேஜ். மீசை, மீசைதான்.

4

இங்கே எனக்கு ஒரு குமாஸ்தா தேவைப்பட்டது. கிட்டங்கியில் எடை பார்க்கும் சீதாராமன் வந்தார். கம்பெனி மெட்ராஸிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த மனுஷர். காளிகாட்டில் வீடு. ஒரே பிள்ளை, நடராஜன், காலேஜில் படிக்கிறான்.

வெற்றிலைச் சாற்றைத் துப்பப் பின்பக்கம் வந்தவர் சுவரைப் பார்த்தார்.

"யார்டா இது, சுவத்துல கரியை அப்பினது?"

"நான்தான் சாமி. காலேஜுப் பந்தாட்டம். எது எங்க நிக்குதுன்னு சும்மா அட்டி போட்டேன்."

"மணின்னா எது?"

"காளிகாட் பக்கத்துலேர்ந்து ட்ராம்ல வருவாங்களே சாமி, மணி அடிச்சிகினு."

சீதாராமன் வாயில் மிச்சமிருந்ததையும் துப்பினார். "நம்ம நடராஜன் அந்தக் காலேஜ்டா. கோல்ல நிக்கறான்."

"நெட்டையா, பந்தைத் துடைச்சி எடுத்தாந்து வெக்குமே, அந்தப் புள்ளையா! சாமி புள்ளைன்னு எனக்குத் தெரியாமப் பூடுச்சே!"

"தெரியாமத்தான் இந்த லட்சணமா? அவா காலேஜைக் கொண்டுபோய் அடில போட்டிருக்கே!"

"ஆமா சாமி," என்றான் திருவேங்கடம், நெஞ்சு நிமிர. "அடியிலதான் போட்டிருக்கேன்."

"பெருமையா வேற சொல்றான் பாரு! மேல தூக்குடா அதை."

"மேலயா?"

"உச்சிக்கு."

திருவேங்கடம் வண்டியில் சாய்ந்திருந்த கன்னியப்பனைப் பார்த்தான். கன்னியப்பன் வேறெங்கோ பார்த்தான்.

"உச்சியில போட்டா... அந்தப் புள்ள மனசு நோவாதா சாமி?"

"எதுக்கு நோகணும்? பூரிச்சுப் போவான்!"

அவர் நகரக் காத்திருந்தான். நகரவில்லை. கரித்துண்டை எடுத்து, அடிக்கட்டத்து மணியைத் தோள் துண்டால் துடைத்தான். கண்ணாடிக்கு மேலே புதிதாக ஒரு கட்டம் போட்டான். அதில் மணி.

"ஆங். இப்ப சரி," என்றார் சீதாராமன். முகம் மலர்ந்துவிட்டது. "சனிக்கிழமை ஷீல்டு ஆட்டம்டா. இவாளும் அந்தக் கண்ணாடியும். லோடை மத்தியானமே இறக்கிடுங்கோ, சர்தார்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீயும் வந்து பாரு. கடைசி வரைக்கும் இருந்து பாரு."

"கடைசி வரைக்குமா, சாமி?"

"பின்னே? பாதில எழுந்து போறதுக்கா வருவா?"

5

(இந்த இடத்தில் சீதாராமனை நான் நம்பவில்லை. முதலில் எழுதியபோது அவர் கோபத்தில் சுவரையே அழித்துவிட்டார். அழித்தால் எனக்குக் கதை ஏது? அடுத்து எழுதியபோது திருவேங்கடம் அட்டியின் நியாயத்தை எடுத்துச் சொல்லி, அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதையும் தள்ளினேன். வெயிலில் நின்று நியாயம் பேசுகிற தூக்குக்காரனை நான் கண்டதில்லை, வேலை இருக்கும்.)

சரி, திருவேங்கடம் என்னதான் நினைத்துக்கொண்டான்? அதை அவனே கன்னியப்பனிடம் சொல்லட்டும்.

"இன்னாடா, பெத்தவரே வந்து புள்ளையைப் பிசுபிசுத்த கட்டு ஆக்கச் சொல்றாரு?" என்றான் கன்னியப்பன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

திருவேங்கடம் பாலம் வரை வண்டியை இழுத்தான். பிறகு சொன்னான்: "கண்ணு பட்டுடும்னு பயப்படறாருடா. ஷீல்டு ஆட்டம் வருதுல்ல. கொழந்தைக்குக் கன்னத்துல மை வெக்கறமே, அது மாதிரி. எத்தினி பேரு வந்து போற சுவரு அது."

"அட!" கன்னியப்பன் கொஞ்சம் மரியாதையோடு திரும்பிப் பார்த்தான், கிட்டங்கி இருந்த திசையை. "படிச்ச மனுசன்."

"ஒரே புள்ள வேற."

"அதெல்லாம் சரி. அடிக்கட்டை உருவிட்டு வந்திருக்கியே, அட்டி எதும்மேல நிக்கும்?"

"காலியாவே கெடக்கட்டும். எல்லாத்தையும் நடுவுல பாத்துத்தானே போட்டேன். சனிக்கெழமை கடைசி வரிக்கும் பாத்துட்டு, தாங்கறது எதுன்னு தெரிஞ்சிகினு போடறேன்."

"கடைசியில இன்னா இருக்கப்போவுது?"

"தெர்ல. நீ பாத்திருக்கியா?"

கன்னியப்பன் யோசித்தான். அவர்கள் தூக்கும் சணல் எந்த வயலில் முளைத்தது என்று இருவருக்கும் தெரியாது. எந்தத் தேசத்தில் பிரிப்பார்கள் என்றும் தெரியாது. கப்பல் வாயில் கட்டை வைத்துவிட்டுத் திரும்பினால் கப்பல் புறப்படுவதைக்கூடப் பார்க்க நேரமிருக்காது.

"இல்லடா," என்றான் கன்னியப்பன். "நானும் எதையும் பாத்ததில்ல."

6

சனிக்கிழமை.

காலி வண்டியை ஆலமரத்தடியில் சாய்த்துவிட்டு இருவரும் கயிற்றோரம் போய் நின்றார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தைத் திருவேங்கடம் அன்றைக்குத்தான் பார்த்தான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரும் சுத்தமாக இருந்தார்கள். யார் எப்படிப்பட்டவன் என்று ஒன்றும் தெரியவில்லை.

பிறகு மழை வந்தது. அது பெய்யவில்லை, வந்து நின்றது, ஒரு வெள்ளைச் சுவர்போல. குடைகள் விரிந்தன. எதிர்ப்பக்கத்துக் கூட்டம் மறைந்தது. அடுத்தாற்போல் எதிர்ப்பக்கத்துக் கோல் மறைந்தது. ஆட்டக்காரர்கள் வெண்மைக்குள் போய்ப் போய், வேறு ஆட்களாகத் திரும்பி வந்தார்கள். கயிற்றின் இந்த மூலையில் நடராஜன் மட்டும் தெரிந்தான். இரண்டு கழிக்கு நடுவில், எவனோ இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன சுமைபோல நின்றான்.

கன்னியப்பன் மடியைத் தடவினான். "சுருட்டு ஊறிப்போச்சுடா. நேரம் எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்."

சற்றுத் தள்ளிச் சீதாராமன் நின்றிருந்தார். குடையைப் பிடித்திருந்தார், ஆனால் தன் தலைக்குப் பிடிக்கவில்லை. முன்னால் நீட்டியிருந்தார், அத்தனை தூரத்திலிருந்து பிள்ளை தலைக்குப் பிடிப்பதுபோல. திருவேங்கடத்தைப் பார்த்ததும், "உச்சிலதானே இருக்கு?" என்று கத்தினார்.

"உச்சிலதான் சாமி! கவலப்படாதீங்க!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். (அந்த மைதானத்தில் அன்று அவ்வளவு ஒத்துப்போனவர்கள் வேறு யாரும் இல்லை.)

ஒரு பக்கமும் கோல் விழவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்" என்று பக்கத்தில் ஒரு பாபு வங்காளியில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி என்பது எங்கோ பக்கத்தில், அந்த வெள்ளைக்குள், இருட்டில் பசு படுத்திருப்பதுபோல இருந்தது.  கட்டுக் கொக்கியைப் பிடித்துக் காய்த்த திருவேங்கடத்தின் கை, கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

மூக்குக் கண்ணாடிக்காரன் வெண்மையிலிருந்து வெளியே வந்தான். கண்ணாடி முழுக்க மழை. அவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? உதைத்தான். பந்து தண்ணீரில் ஒருமுறை நின்றது, மறுபடி கிளம்பியது, நடராஜனின் கைக்கு அடியில் புகுந்து போயிற்று.

"கோல்! கோல்!"

விசில் ஊதியது. நீளமாக.

குடைகளில் பாதி திரும்பி நடக்க ஆரம்பித்தன. பாதி நின்றன. சீதாராமனின் குடை சேற்றில் கிடந்தது.

"முடிஞ்சுதாடா?" என்றான் கன்னியப்பன்.

"தெர்ல."

7

இனி முடிவு.

ஒன்று எழுதினேன். ஆட்டம் தொடர்ந்தது, மணிக் காலேஜ் இரண்டு கோல் போட்டது, கூட்டம் பாய்ந்து சென்று நடராஜனைத் தோளில் தூக்கி (நிறுத்திவிட்டேன். தோளில் தூக்குகிற வேலையைத்தான் பகல் முழுக்கச் செய்கிறேன்.)

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அது கடைசி விசில். மணிக் காலேஜ் தோற்றது. திங்கட்கிழமை சீதாராமன் சிவந்த கண்ணோடு சுவருக்கு வந்து, "போறும்டா. இறக்கிப் போடு, அடிக்கே போடு" என்கிறார். திருவேங்கடத்துக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஷீல்டு ஆட்டம் போனது, கண் பயமும் போனது. பெற்றவர் கடைசியில் வாயைத் திறந்து பிள்ளையை மெச்சிவிட்டார். மணியை அடியில் அழுத்தி வரைகிறான். அவர் துக்கத்தோடு தலையாட்ட, இவன் சந்தோஷத்தோடு தலையாட்ட, கதை முடிகிறது.

ஆனால் அடிக்கட்டம் காலி. என் கண்ணால் பார்த்தேன். உச்சியில் மணி அப்படியே இருக்கிறது. அந்த முடிவு செல்லாது.

(தரையோரம் மழை தெறிக்கும். அடிக்கட்டத்தில் அவன் மணி போட்டிருந்தாலும், தெறிக்கிற தண்ணீர் முதலில் கழுவுவது அதைத்தான். உச்சி மணியை அழிக்க அவன் மறந்திருக்கலாம். அடிக்கட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். கரி இருந்ததா, என் விரலே அந்த நிறமா, சொல்லத் தெரியவில்லை.)

நான் பார்த்துக்கொண்டேயிருப்பது வேறொன்றை. அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

விசில் ஊதிய பிறகு நடராஜன் கோலுக்குள் குனிந்தான். தண்ணீரிலிருந்து பந்தை எடுத்தான். ஊறிப்போன சட்டையால் ஊறிப்போன பந்தைத் துடைத்தான். பிறகு நடந்தான். எதிரே வந்தவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். எவனோ தோளைத் தட்டினான். அது ஆறுதலா, சீக்கிரம் போ என்றா, தெரியவில்லை. அவன் நடைதான்.

திருவேங்கடம் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டான். "டேய், எங்கடா போற!" என்று கன்னியப்பன் கத்தியது கேட்டது. ஆட்டம் முடிந்திருந்தால் உள்ளே போகலாம். முடியாமலிருந்தால் போலீஸ்காரன் அடிப்பான். அடி விழுமா என்று ஒரு காலடி வைத்துப் பார்த்தான். விழவில்லை. போலீஸ்காரன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதே மழையில் தெரியவில்லை.

அப்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. உண்மையாகவே முடிந்துபோன ஆட்டத்தில் பந்தை எவனும் நடுவுக்குக் கொண்டுவர மாட்டான். கொண்டுவரத் தேவையில்லை. அப்படியென்றால் எது தாங்குகிற கட்டு என்று கடைசியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது. இத்தனை நாளும் சுருட்டு எரிகிற நேரத்தில் பார்த்தானே, அதில்தான் அது இருந்தது. இதோ, இந்தப் பிள்ளை மட்டும்

பையன் நின்றுவிட்டான். நடுக்கோட்டை மழை கழுவிவிட்டிருந்தது. நடு எது என்று இப்படியும் அப்படியும் பார்த்தான். பக்கத்தில் நின்ற அகலத் தோள் ஆளைப் பார்த்து, இங்கேயா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான். திருவேங்கடம் காலால் தரையைத் தடவிப் பார்த்தான், அட்டி போடுமுன் ஈரம் பார்க்கிற மாதிரி. பிறகு ஓர் இடத்தைக் காட்டினான்.

பந்தை அங்கே வைத்தான் பையன். இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றான்.

இருவரும் காத்திருக்கிறார்கள். விடிந்தால் நான் கட்டு தூக்கவேண்டும், இதற்குமேல் கை ஓடாது. அந்த நீள விசிலை நீங்களும் கேட்டீர்கள். அது கோலுக்கு ஊதியதா, முடிவுக்கு ஊதியதா? தெரிந்தால் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. பந்து நடுவில்தான் இருக்கிறது.